இலஞ்சிக்கு வராத நிழல்

முழுச் சூரிய கிரகணத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று சொல்பவர்கள் தென்காசி வட்டாரத்தில் உண்டு. அவர்கள் மனத்தில் இருப்பது 2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை; மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் ஒரே நாளில் வந்து சேர, முற்பகல் பதினொரு மணியளவில் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணி தாண்டும்வரை நீடித்த கிரகணம். அதன் பாதை திருவனந்தபுரம், கன்னியாகுமரி, தனுஷ்கோடி வழியாக யாழ்ப்பாணத்தை நோக்கிச் சென்றது. பாதையின் அகலம் முந்நூறு கிலோமீட்டரை ஒட்டி இருந்தமையால் தென்காசியை ஒட்டிய இலஞ்சியும் குற்றாலமும் அதற்குள் அடங்கின. ஆயினும் அன்று தெரிந்தது முழுக் கிரகணம் அன்று, கங்கண கிரகணம். அதாவது நிலவின் வட்டு சூரியனின் வட்டுக்குள் அடங்கிவிட, சுற்றிலும் ஒரு வளையல் அளவுக்குச் சூரியன் மிஞ்சி நிற்கும் வகை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியது என்று நினைப்பதுதான் இவ்வூர்க்காரர் பலரை ஒரு பெரிய காட்சியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

சூரியனின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ நானூறு மடங்கு. சூரியன் இருக்கும் தொலைவும் நிலவின் தொலைவைப் போல் ஏறத்தாழ நானூறு மடங்கு. இந்தத் தற்செயலான பொருத்தத்தால் இரண்டும் வானத்தில் அரை பாகை அகலமுள்ள வட்டுகளாகவே தோன்றுகின்றன. ஆனால் நிலவின் தொலைவு மாறிக்கொண்டே இருக்கும். அருகில் வரும்போது சுமார் மூன்றரை லட்சம் கிலோமீட்டர், விலகும்போது நான்கு லட்சத்துக்கும் மேல். விலகி நிற்கும் காலத்தில் அமாவாசையன்று அது சூரியனுக்கு நேர்முன் வந்தாலும், அதன் கருநிழல், அதாவது சூரிய ஒளி சிறிதும் புகாத கூம்பு வடிவ நிழல், பூமியை எட்டாமல் நடுவானிலேயே முடிந்துபோகும். 2010இல் நடந்தது அதுதான். அதோடு ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் சூரிய வட்டு வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகவும் இருந்தது. அன்று வட்டின் பரப்பில் சுமார் 84 விழுக்காடு மறைந்தது. மிஞ்சிய 16 விழுக்காட்டின் ஒளியில் வெயில் மங்கலாயிற்றே ஒழியப் பகல் பகலாகவே இருந்தது.

எண்பத்து நான்குக்குப் பதிலாகத் தொண்ணூற்றொன்பது விழுக்காடு மறைந்திருந்தாலும் நிலைமை அதிகம் மாறியிருக்காது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். முழுக் கிரகணத்தில் மட்டும் வெறுங்கண்ணுக்குத் தெரியும் பொருள் கரோனா. சூரியனைச் சுற்றிப் பல லட்சம் கிலோமீட்டருக்குப் பரந்திருக்கும், பத்து லட்சம் பாகைக்கு மேல் வெப்பமுள்ள மெல்லிய வாயுப் படலம் அது. அதன் மொத்த ஒளி பௌர்ணமி நிலவின் ஒளி அளவுதான். சூரிய வட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே வட்டில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சியிருந்தாலும், மிஞ்சியது கரோனாவைவிடப் பத்தாயிரம் மடங்கு பிரகாசமாக இருந்து அதை முற்றிலும் அமுக்கிவிடும். கடைசித் துணுக்கும் மறைந்த அந்த நொடியில்தான் பகல் அணைந்து, கருவட்டைச் சுற்றி வெண்பட்டு நூல்களைப் பிரித்துவிட்டாற்போல் கரோனா விரிகிறது. கோயில் வாசல்வரை போய் நடை திறக்குமுன் திரும்பியவர் சாமி கும்பிட்டுவிட்டதாகச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் பகுதி கிரகணத்தையும் கங்கண கிரகணத்தையும் பார்த்தவர் முழுக் கிரகணம் பார்த்ததாகச் சொல்வதும்.

இந்தக் கரோனாவோடு தென்காசி மாவட்டத்துக்கு வேறொரு வழியில் தொடர்பு உண்டு. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு, பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடத்துக்கு 2024 ஜனவரி 6 அன்று போய்ச் சேர்ந்த சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, இலஞ்சிக்குப் பக்கத்து ஊரான செங்கோட்டையைச் சேர்ந்தவர். அந்த விண்கலத்தின் முதன்மைக் கருவி, சூரிய வட்டை உள்ளுக்குள்ளேயே மறைத்து எந்நேரமும் செயற்கையாக முழுக் கிரகணத்தை உண்டாக்கிக் கரோனாவைப் பார்க்கும் கரோனாகிராஃப். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் அமைத்தது. செங்கோட்டைப் பெண் ஒருவர் தலைமையில் நாள்தோறும் காணக் கிடைத்த காட்சி, செங்கோட்டை வானத்தில் இயற்கையாகக் கிடைக்க எத்தனை தலைமுறை ஆகும் என்பது வேறு கதை. பூமியின் ஏதேனும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டால், சராசரியாக முந்நூற்றெழுபது ஆண்டுகளை ஒட்டிய இடைவெளியில்தான் அங்கே ஒரு முழுக் கிரகணம் வாய்க்கும். இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் தமிழ்நாட்டு மண்ணில் கருநிழல் விழவே இல்லை. எனவே எங்கே பார்ப்பது என்ற கேள்விக்கு முதல் விடை, இருந்த இடத்தில் அல்ல, போய்ப் பார்ப்பது என்பதே.

போய்ப் பார்ப்பதில் பியேர் ஜான்சனை மிஞ்ச ஆள் இல்லை. இந்தப் பிரெஞ்சு வானியலர் 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தை ஆந்திரத்துக் குண்டூரில் இருந்து பார்த்தார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் செந்நிறத் தீக்கொழுந்துகளை நிறமாலைமானியால், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவியால் ஆராய்ந்து, அவை சுடர்விடும் வாயுக்களே என்று கண்டதோடு, அவற்றைக் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்க முடியும் என்று மறுநாளே செய்து காட்டினார். அதே கிரகணத்தை மசூலிப்பட்டினத்தில் பார்த்த சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் தீக்கொழுந்துகளின் நிறமாலையைப் பதிவு செய்தார். பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் வரலாறு இந்தக் கிரகணத்தோடு பின்னிக்கிடக்கிறது. 1870 டிசம்பரில் அல்ஜீரியாவில் தெரியவிருந்த கிரகணத்தைப் பிடிக்க ஜான்சன் புறப்பட்ட வேளையில் பாரிஸ் நகரம் பிரஷ்யப் படைகளின் முற்றுகையில் இருந்தது. கருவிகளோடு பலூனில் ஏறி, எதிரிப் படைகளின் தலைக்கு மேலாகப் பறந்து தப்பி, ஓரான் நகரம்வரை போய்ச் சேர்ந்தார். அங்கே மேகம் மூடிக்கொண்டது.

பலூனில் தப்பியது எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் கிரகணம் பார்க்கப் போகிறவர் படிக்க வேண்டிய பாடம் அதற்கடுத்த ஆண்டில் இருக்கிறது. 1871 டிசம்பர் 12 அன்று கருநிழல் மலையாளக் கரையில் பேக்கல் பக்கம் ஏறி, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் சென்றது. பேக்கலில் வானியலர் நார்மன் லாக்யரும், தொட்டபெட்டா உச்சியில் டென்னண்ட் குழுவினரும், அவிநாசியில் போக்சனும், புதுக்கோட்டையில் இத்தாலியரான ரெஸ்பிகியும் கூடாரம் போட்டிருந்தனர். ஓரானில் சூடுபட்ட ஜான்சனோ முன்கூட்டியே வந்து, எந்தச் சரிவில் காலை மூடுபனி குறைவு என்று விசாரித்தும் பார்த்தும் அலைந்து, கடைசியில் நீலகிரியின் சோலூரைத் தேர்ந்தார். அன்று வானம் தெளிவாக இருந்தது. கரோனாவின் ஒளியில் சூரிய நிறமாலைக்கே உரிய கருங்கோடுகளை அவர் கண்டார்; கரோனாவின் ஒளியில் ஒரு பகுதி, சூரிய ஒளி பட்டுச் சிதறியதால் வருவது என்று உணர்த்திய கண்டுபிடிப்பு அது. நேரத்தைப் பஞ்சாங்கம் சொல்லிவிடும், பாதையை வரைபடம் காட்டிவிடும். இடத்தை மட்டும் அந்த மாதத்து மேகத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சோலூர் காட்டுகிறது.

இந்த விதியை மதித்தும் ஏமாந்தவர்கள் உண்டு, மதிக்காமலே தப்பியவர்களும் உண்டு. 1955 ஜூன் 20 அன்று இலங்கையின் பொலன்னறுவை, ஹிங்குராக்கொட பக்கம் கருநிழல் விழுந்தபோது உலகெங்கிலுமிருந்து வந்திருந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோருக்கு மேகம்தான் மிஞ்சியது. 1980 பிப்ரவரி 16 அன்று கார்வார், ராய்ச்சூர் வழியாகப் பூரிவரை போன கிரகணத்துக்கு வானம் ஒத்துழைத்தது, மனிதர்கள்தாம் ஒத்துழைக்கவில்லை. மக்கள் வெளியே வந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று தூர்தர்ஷன் அன்று பிற்பகல் திரைப்படம் ஒளிபரப்பியது. நகரத் தெருக்கள் வெறிச்சோடின. 2009 ஜூலை 22 கிரகணம் சூரத்திலிருந்து பாட்னாவரை சென்றபோது, பார்வைக்கு உகந்த இடம் என்று பேர் வாங்கிய பீகாரின் தாரேக்னாவில் கூடிய கூட்டத்துக்குப் பருவமழை மேகம்தான் தெரிந்தது. வாரணாசிப் படித்துறையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்திலும் இதே கதை: கல்பற்றாவில் மேகம், காசர்கோடு பக்கத்துச் செறுவத்தூரில் தெளிவு. அந்தக் கிரகணத்தின் பாதை கோவை, கரூர், திண்டுக்கல் என்று 1871ஆம் ஆண்டுப் பாதையை ஏறத்தாழ ஒட்டியே போனது. இலஞ்சிக்கு அப்போது கிடைத்தது பகுதி கிரகணம் மட்டும்.

மேகத்தின் கணக்கில் குற்றால வட்டாரம் எங்கே நிற்கிறது என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று புகுந்து சாரல் அடிக்கும். அருவியில் குளிக்க வருபவருக்குக் கொண்டாட்டமான அந்த மூன்று மாதங்களும் வானம் பார்க்க நினைப்பவருக்கு ஆகாதவை. தை, மாசியில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அருவியில் தண்ணீர் நூலாக வடியும். 2010இல் கிரகணம் தையில் வந்தது அதிர்ஷ்டம்.

இங்கே தெரியவிருக்கும் அடுத்த பெரிய கிரகணம் 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, ஆடி அமாவாசையன்று, சாரல் பருவத்தின் நட்டநடுவில் வருகிறது. இலஞ்சியில் அது பகுதி கிரகணமாக மாலையில்தான் தெரியும். மேற்கே திரிகூட மலை எழுந்து நிற்பதால், பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின் போய்விடும் ஊர் இது. ஊரைவிட்டு வெளியே போக முடியாதவர்கள் குறைந்தது பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டிக் கிழக்கே போய்விடுவது நல்லது; சாரல் அங்கே ஓய்ந்துவிடும், மேல்வானமும் திறந்து கிடக்கும். 2031 மே 21 அன்று நண்பகலுக்குப் பின் மீண்டும் ஒரு கங்கண கிரகணம் கொச்சி, தேனி, மதுரை வழியாக வருகிறது. இலஞ்சி அந்தப் பாதையின் தென்விளிம்பை ஒட்டியே இருப்பதால், நிறைவான வளையத்தைப் பார்க்க விரும்புவோர் செங்கோட்டை–மதுரை ரயிலில் ஏறிவிடலாம். இந்திய மண்ணில் அடுத்த முழுக் கிரகணம் 2034 மார்ச் 20 மாலையில் லடாக் பகுதியில். பனியும், சூரியனை மறைக்கும் மலைகளும் உள்ள அவ்விடத்துக்குப் போவது ஒரு சூதாட்டம் என்று ஒதுக்கிவிடலாம்.

ஆகவே 2027 கிரகணத்தின் கருநிழல் விழும் இடங்களைப் பார்க்க வேண்டும். அட்லாண்டிக் பெருங்கடலில் தொடங்கி, ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து வழியாகச் செங்கடலைக் கடந்து, சவுதி அரேபியாவில் ஜித்தாவையும் மெக்காவையும் மூடி, ஏமன், சோமாலியா தாண்டி இந்தியப் பெருங்கடலில் அது முடிகிறது. நிலவு பூமிக்கு அருகில் இருக்கும் காலமும், பூமி சூரியனிலிருந்து விலகி நிற்கும் ஆடி மாதமும் சேர்ந்ததால் இருள் நீளுகிறது. எகிப்தின் லக்சரில் 6 நிமிடம் 20 நொடியை ஒட்டியும், ஜித்தாவிலும் மெக்காவிலும் ஐந்து நிமிடத்துக்கு மேலும். லக்சரில் ஆகஸ்டில் மேகம் என்பது அனேகமாக இல்லை; வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் என்பதே அங்குள்ள ஒரே இடைஞ்சல்.

இனிப் பார்க்கும் முறை. முழுக் கிரகணத்துக்கு நான்கு தொடுகைகள் என்பது வானியல் வழக்கு: நிலவு சூரிய விளிம்பைத் தொடும் கணம் முதல் தொடுகை, சூரியனை முற்றும் மூடும் கணம் இரண்டாவது, மீண்டும் ஒளித்துணுக்கு வெளிப்படுவது மூன்றாவது, முற்றும் விலகுவது நான்காவது. முதல் தொடுகைக்கும் இரண்டாவதற்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; இந்த நேரம் முழுவதும் தரமுள்ள சூரியக் கண்ணாடி வழியாகவோ பதினான்காம் எண் வெல்டிங் கண்ணாடி வழியாகவோ மட்டுமே சூரியனைப் பார்க்க வேண்டும். பழைய எக்ஸ்-ரே படம், புகைபிடித்த கண்ணாடி, குளிர்கண்ணாடி, மஞ்சள் நீரிலோ சாணித் தண்ணீரிலோ தெரியும் பிம்பம் ஆகிய எதுவும் பாதுகாப்பன்று. கண்ணின் விழித்திரைக்கு வலி தெரியும் நரம்பு இல்லாததால், சுடும்போது ஒன்றும் தெரியாது, மறுநாள்தான் பார்வையின் நடுவில் கரும்புள்ளி தெரியும்.

கண்ணாடி இல்லாதவருக்கு வீட்டுச் சாமான் போதும். இலஞ்சிப் பக்கத்து ஓட்டு வீடுகளில் ஓட்டின் இடுக்கு வழியே தரையில் விழும் வட்டமான வெளிச்சப் பொட்டுகளை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இடுக்கு கோணல்மாணலாக இருந்தும் பொட்டு ஏன் வட்டமாக இருக்கிறது என்றால், அந்தப் பொட்டு ஓட்டையின் உருவமே அன்று, சூரியனின் பிம்பம். கிரகணத்தன்று அவை அத்தனையும் பிறைகளாகிவிடும். இடியாப்பத் தட்டை வெயிலில் பிடித்தால் தரையெங்கும் பிறைகள் கொட்டும். வேப்ப மரத்தடியிலும் அவ்வாறே. ஒரு கைக்கண்ணாடியைத் தாளால் மூடி, நடுவில் சிறு துளை விட்டு, வெளியிலிருந்து இருட்டறையின் சுவருக்கு ஒளியைத் திருப்பினால், பத்து மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியன் சுவரில் வந்து உட்காரும். தெருவே கூடிப் பார்க்கலாம். கண்ணாடித் துண்டுக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி, கிரகணம் விடும்போது அது விழும் என்று காத்திருக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லிவிடலாம். அடிப்பூண் சமமாக உள்ள உலக்கை கிரகணம் இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் நிற்கும். நின்றது தானாக விழாது, யாராவது தட்ட வேண்டும். தீங்கில்லாத விளையாட்டுதான், ஆனால் கிரகண நேரத்தில் வீட்டுக்குள் உலக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வெளியே நடப்பதைப் பார்க்க மாட்டார்.

இரண்டாம் தொடுகைக்குச் சில நிமிடங்கள் முன்பு தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து வைத்தால், அலையலையான மெல்லிய நிழல் பட்டைகள் அதன் மேல் நெளிந்து ஓடுவதைச் சிலவேளை பார்க்கலாம். மெல்லிய பிறையிலிருந்து வரும் ஒளி காற்றின் அடுக்குகளில் கலங்குவதால் உண்டாவது அது. மேற்கிலிருந்து இருள் ஏறி வரும், காற்று குளிரும், காகங்கள் அடையப் போகும். நிலவின் விளிம்பிலுள்ள பள்ளத்தாக்குகள் வழியே ஒளி மணிமணியாகத் தெறிக்கும். பெய்லி மணிகள் என்பது அவற்றின் பெயர். கடைசி மணி ஒற்றைக் கல் மோதிரம்போல் மின்னி அணைந்ததும் சூரியக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். 2010ஐயும் 2019ஐயும் பார்த்துப் பழகியவர்கள் பிழை செய்வது இங்கேதான்: கங்கண கிரகணத்தில் எந்த நொடியிலும் கழற்றக் கூடாத கண்ணாடியை, முழு இருளிலும் போட்டுக்கொண்டே நின்றால் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் வெறுங்கண்ணே சரியான கருவி. மறுபக்கம் முதல் துணுக்கு வெளிப்பட்டதும் மீண்டும் கண்ணாடி. செல்பேசியைப் பையில் வைத்துவிடுவது உத்தமம். படங்கள் பிறர் எடுத்தவை ஆயிரம் கிடைக்கும்.

கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று இந்த வட்டாரத்து வீடுகளிலிருந்து பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குப் போயிருப்பவர்களில் ஜித்தாவிலும் மெக்காவிலும் இருப்போருக்கு, ஜான்சன் பலூன் ஏறித் தேடியது வீட்டு மொட்டைமாடிக்கே வருகிறது. பிற்பகல் ஒரு மணிக்குப் பின், கிரகணத் தொழுகைக்குப் பள்ளிவாசல்கள் அழைக்கும் வேளையில். ரியாத்திலும் துபாயிலும் இருப்பவர்களுக்கு அன்று பகுதி கிரகணம்தான். அவர்கள் ஜித்தாவிலுள்ள சொந்தக்காரரின் அறையில் இரண்டு நாள் இடம் கேட்டு வைக்க வேண்டும். அது திங்கட்கிழமை, வேலை நாள்; விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.